சத்தம் போடாத கடன்

திவாலாகிவிட்டேன் என்று நீதிமன்றத்தில் மனுக் கொடுப்பதற்கு நம் ஊரில் ‘மஞ்சள் கடுதாசி’ என்று பெயர். கடைத்தெருவில் ‘ஐ.பி. கொடுத்துட்டான்’ என்று இன்னும் சுருக்கிச் சொல்வார்கள். இரண்டிலும் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஏளனத்துக்குப் பயந்துதான் கடனில் சிக்கியவர்கள் கடைசிவரை எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். யாருக்கு முதலில் கொடுக்கிறார்கள் என்று கவனித்தால் அதில் ஒரு வரிசை தெரியும். வாசலில் நின்று கத்தும் தண்டல்காரருக்கு முதல் பணம். நாள் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கும் கடன் செயலிக்கு அடுத்தது. பிறகு கிரெடிட் கார்டு. வீட்டுக் கடன் கொடுத்த வங்கி கடைசியில் நிற்கிறது; அது கத்துவதில்லை, கடிதம் மட்டும் போடுகிறது, “பேங்க்காரன் எங்கே போயிடப் போறான்” என்று ஒதுக்கிவைக்கிறோம். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். சட்டப்படி யார் கையில் பலம் அதிகமோ அவர் சத்தம் போட வேண்டிய அவசியமே இல்லை. சத்தம் போடுகிறவரிடம் பெரும்பாலும் சத்தத்தைத் தவிர வேறு ஆயுதம் இருப்பதில்லை. மஞ்சள் கடுதாசிவரை போகாமல் கடனிலிருந்து இறங்கிவர இந்தியாவில் பல படிகள் உண்டு. ஆனால் சத்தத்துக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் மாறாதவரை, அந்தப் படிகளில் கால்வைக்கக் கையில் காசு மிஞ்சாது.

சத்தம் போடாதவரை முதலில் பார்ப்போம். வீட்டை அடமானமாக வாங்கிய வங்கிக்கு 2002-இல் வந்த சர்ஃபாசி சட்டம் பெரிய அதிகாரம் ஒன்றைத் தந்தது. வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்கலாம். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின் 60 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் வரும். பதிவுத் தபாலில் வரும் அந்த உறையைப் பிரிக்கத் தைரியமில்லாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பவர்கள் உண்டு. அவர்கள் செருகிவைப்பது தங்களிடம் இருக்கும் அவகாசத்தை. நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை எடுத்துவிட்டால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் அது இயங்குகிறது. இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். ஏலம் நடக்கும் நிமிடம்வரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2016-இல் சட்டம் திருத்தப்பட்டபின் அப்படி இல்லை. ஏல அறிவிப்பு வெளியானதோடு மீட்கும் உரிமை முடிந்துபோகிறது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. விவசாய நிலமும் 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடனும் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. நகரத்தில் வீட்டுக் கடன் வாங்கிய சம்பளக்காரர் முழுக்க உள்ளே இருக்கிறார்.

இதோடு கிரெடிட் கார்டு பாக்கியை ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டு கொடுத்த வங்கியிடம் அடமானம் எதுவும் இல்லை. பணம் வராவிட்டால் அது உரிமையியல் நீதிமன்றத்துக்கோ மத்தியஸ்தத்துக்கோ போக வேண்டும், தீர்ப்பு வாங்க வேண்டும், பிறகு அதை நிறைவேற்ற மனுப் போட வேண்டும். அப்போதும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஒரு நீண்ட விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் தொழிற்கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. தாலியையும் சோற்றுப்பானையையும் ஒரே பத்தியில் காப்பாற்றும் அந்தப் பிரிவைச் சட்டம் தெரியாதவர்களும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கடன் கட்டாதது குற்றமும் ஆகாது. பண பாக்கிக்கான தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது. ஆணைக்கூட, கட்டும் வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று நிரூபிக்காமல், இல்லாமைக்காக மட்டும் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். “நாளைக்கு போலீஸ் வரும் சார்” என்று போனில் மிரட்டும் வசூல் ஏஜென்ட்டுக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் போனிலேயே மிரட்டுகிறார்.

இந்த ஒப்பீட்டில் சில விதிவிலக்குகள் உண்டு. அடமானம் இல்லாத கடனுக்கும் பல் முளைக்கும் ஓர் இடம், காசோலை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால், அதற்கான நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் தொகையைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் 2 ஆண்டுவரை சிறையும் காசோலைத் தொகையில் இரு மடங்குவரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள எழுதிக் கொடுத்த தவணை திரும்பினாலும் 2007-இன் பணப்பட்டுவாடாச் சட்டப்படி ஏறக்குறைய இதே நிலைதான். ஆகவே காசோலை நோட்டீஸைச் சத்தம் போடாத கடன்களின் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கார்டு கொடுத்த வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால், அந்தக் கணக்கில் விழும் பணத்தைப் பாக்கிக்கு ஈடுசெய்துகொள்ள ஒப்பந்தம் பெரும்பாலும் வங்கிக்கு உரிமை தந்திருக்கும். நெருக்கடி வருகிறது என்று தெரிந்தால், சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வதில் தவறு ஒன்றும் இல்லை.

தண்டல், கந்துவட்டி விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் என் வாதத்துக்குக் கடுமையான மறுப்பு வரும். “சட்டத்தில் அவருக்குப் பலம் இல்லை என்கிறீர்கள். அடியாளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?” நியாயமான கேள்வி. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிப் புகாரோடு வந்த குடும்பம் தீக்குளித்ததைப் பார்த்த மாநிலத்தில், அந்தச் சத்தம் வெறும் சத்தம்தான் என்று யாரும் எழுத முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் கொடுக்கும் விலையையும் கணக்கிட வேண்டும். 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு, நாளைக்கு 100 ரூபாயாக 100 நாள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் கிடைத்தது 8,500. நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். ‘பத்து வட்டி’ என்று வாய்க்கு லேசாகச் சொல்வதும் மாதம் நூற்றுக்குப் பத்து, ஆண்டுக்கு அதே 120. இந்த வட்டிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயும் 9 சதவீத வீட்டுக் கடனிலிருந்து திருடி எடுத்த ரூபாய். வீடு ஏலத்துக்குப் போனபின் தண்டல்காரர் மட்டும் நம்மை விட்டுவிடப் போகிறாரா?

இவருக்கு எதிராகச் சட்டம் பேசாமலும் இல்லை. தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் 2003-இல் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் சொற்களையே எடுத்து விளக்கம் தந்த சட்டம் அது. அரசு நிர்ணயித்த அளவு, அடமானம் இல்லாத கடனுக்கு, ஆண்டுக்கு 12 சதவீதம். அதற்கு மேல் வாங்கினால் 3 ஆண்டுவரை சிறை. பலருக்குத் தெரியாத ஒரு வழியும் அதில் இருக்கிறது: அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் கடன் வாங்கியவர் நீதிமன்றத்தில் கட்டி, கடன் அடைந்ததாகப் பதிவுசெய்யக் கோரலாம். கடன் கொடுக்கும் நிறுவனங்களின் வற்புறுத்தலைத் தடுக்க 2025-இல் மாநிலச் சட்டமன்றம் தனியாக இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. மிரட்டி வசூலிப்பதற்கு அதில் சிறைத் தண்டனை உண்டு. காகிதத்தில் இருப்பது காவல் நிலையத்தில் இருக்குமா என்றால், எல்லா ஊரிலும் இருக்காது. உள்ளூர்ச் செல்வாக்கு குறுக்கே நிற்கும் இடங்களில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், ஆட்சியரின் மனுநீதி நாள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று மூன்று கதவையும் ஒரே வாரத்தில் தட்டுவதும், ஒவ்வொன்றிலும் ரசீது வாங்கி வைப்பதும்தான் நடைமுறை. உயிருக்கோ பிள்ளைகளுக்கோ ஆபத்து இருக்கிற இடத்தில் பணத்தைக் கொடுத்துத் தப்பிக்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். அது கடனடைப்பு ஆகாது, பாதுகாப்புச் செலவு. அப்படிப் பெயர்வைத்துக்கொண்டால்தான் அதை நிறுத்த என்ன செய்யலாம் என்ற யோசனையாவது வரும்.

கடன் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி செயலி நம் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. எடுத்து மிரட்டுகிறது என்றால் அது கடன் தகராறாக இருப்பதை நிறுத்திவிட்டு இணையக் குற்றமாகிவிட்டது. 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டிய விஷயம். வங்கிகளும் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களும் வைத்திருக்கும் வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தாரிடமும் அலுவலகத்திலும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வரவில்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை.

சத்தத்தின் பிடி தளர்ந்தபின் கடனைக் குறைப்பது எப்படி? பெரிய தொகைக்கு முதல் வழி, தவணையைச் சுருக்கி ஆண்டுகளை நீட்டுவது. 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 9 சதவீத வட்டி, இன்னும் 10 ஆண்டு பாக்கி என்றால் மாதத் தவணை சுமார் 25,335 ரூபாய். அதையே 20 ஆண்டாக்கினால் 17,995. மாதம் 7,000 ரூபாய்க்கு மேல் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. இதற்கு விலை உண்டு: 10 ஆண்டில் 10.4 லட்சமாக முடிந்திருக்கும் மொத்த வட்டி, 20 ஆண்டில் 23 லட்சத்தைத் தாண்டுகிறது. இருந்தாலும் நிலைமை சீரானபின் தவணையைக் கூட்டியோ மொத்தமாகக் கட்டியோ ஆண்டுகளைச் சுருக்கிக்கொள்ளலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. ஆக அந்தக் கூடுதல் வட்டி முழுதும் தலையெழுத்து ஆகிவிடாது. இதைக் கேட்கும் நேரம்தான் முக்கியம். நெருக்கடியால் மாற்றியமைக்கப்படும் கணக்கை விதிப்படி பொதுவாக வாராக்கடன் பட்டியலில் சேர்க்க வேண்டியிருப்பதால், நிலுவை விழுந்தபின் கிளை மேலாளர் தயங்குவார். தவணை ஒன்றுகூடத் தவறாத கணக்கோடு, வேலை போன கடிதத்தையோ மருத்துவமனை ரசீதையோ கையில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அதே மேலாளர் வேறு மாதிரி பதில் சொல்ல வாய்ப்பு அதிகம். 90 நாளை வங்கி 30, 60 என்று பிரித்துக் கண்காணிக்கிறது. நாமும் அந்த நாட்களை எண்ண வேண்டும்.

இரண்டாவது வழி, விலை கூடிய கடனை விலை குறைந்த கடனால் அடைப்பது. கிரெடிட் கார்டில் மாதம் 3.5 சதவீத வட்டி என்பது சாதாரணமாகக் காணும் அளவு, ஆண்டுக்கு 42. 1 லட்சம் பாக்கியில் 5 சதவீத ‘மினிமம் ட்யூ’ 5,000 ரூபாய் கட்டினால், 3,500 வட்டிக்கும் 630 அந்த வட்டிமேல் ஜிஎஸ்டிக்கும் போய், அசலில் கழிவது 870 ரூபாய். அந்தச் சொல்லின் இனிமையில் மயங்கிப் பல ஆண்டு கட்டுகிறவர்கள் உண்டு. நகைக் கடனில் இதைவிடப் பல மடங்கு குறைந்த வட்டிக்கு வங்கியில் பணம் கிடைக்கும். கணக்குப் போட்டால் பீரோவில் தூங்கும் நகையை வைத்துக் கார்டை அடைப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். எல்லாக் கடனையும் ஒன்றாக்கி வீட்டின்மேல் ஒரே கடனாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்களும் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். வட்டிக் கணக்கு சரி. ஆனால் பலத்தின் கணக்கை அவர்கள் சொல்வதில்லை. கார்டு பாக்கிக்கு உங்கள் வீட்டைத் தொட அந்த வங்கிக்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். அதே பாக்கியை வீட்டு அடமானக் கடனாக மாற்றிய நாளில், சத்தம் போட மட்டுமே தெரிந்த ஒரு கடனுக்கு உங்கள் கையாலேயே வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். வருமானம் உறுதியாக இருந்து, வட்டிதான் கழுத்தை நெரிக்கிறது என்றால் இதைச் செய்யலாம், கார்டை வெட்டிப்போட்டுவிட்டு. வருமானமே ஆட்டம் கண்டிருக்கிறது என்றால் செய்யக் கூடாது. நகைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருக்கிறது: நகை ஏலம் போனால் வலிக்கும், குடும்பம் தெருவில் நிற்காது. ஆகவே பணயம் வைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் நகை. நகையை விற்றுவிட்டால் வட்டியே இல்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதைச் சொல்கிறவருக்கு அன்றைக்குக் காபி கிடைக்காது.

மூன்றாவது வழி, பேசித் தீர்ப்பது. வங்கிப் பேச்சில் ‘ஒரே தவணைத் தீர்வு’ என்பார்கள், சுருக்கமாக ஓடிஎஸ். இதைச் சலுகை என்று நினைத்துக் கூச்சப்படத் தேவையில்லை. சமரசத் தீர்வுக்கு இயக்குநர் குழு ஒப்புதலோடு எழுதப்பட்ட கொள்கை ஒவ்வொரு வங்கியிலும் இருக்க வேண்டும் என்று 2023 ஜூன் 8 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை சொன்னது. தீர்வு செய்துகொண்டவருக்கு அதே வங்கி மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் பொறுக்க வேண்டும், விவசாயக் கடனுக்கு வேறு கணக்கு. இங்கும் என் பழைய வாதம்தான் வேலை செய்கிறது. அடமானம் இல்லாத கடனில் வங்கிக்கு வேறு வழி குறைவு என்பதால் தள்ளுபடிக்கு இடம் அதிகம். வீட்டுக் கடனில் வீடே கையில் இருப்பதால் இடம் குறைவு. ஆகவே கையில் மொத்தமாக ஒரு தொகை வந்தால், அதில் வீட்டுத் தவணையைப் பத்திரப்படுத்தியபின் மிஞ்சுவதை வைத்துக் கார்டுக்காரரோடு பேரம் பேசுவதே முறை. தீர்வுத் தொகையும், அது முழுத் தீர்வு என்ற வாசகமும் வங்கியின் கடிதத்தாளில் வந்தபின்தான் பணம் கட்ட வேண்டும். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தியை நம்பக் கூடாது. கட்டியபின் நிலுவையின்மைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். சிபில் பதிவில் ‘முடிக்கப்பட்டது’ என்பதற்குப் பதில் ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று ஏறும், சில ஆண்டுகள் புதுக் கடன் கிடைப்பது சிரமம். ஏற்கெனவே கடனில் மூழ்குகிறவருக்கு அந்தச் சிரமம் நல்லதும்கூட.

“சாதாரண ஆள் போய்ப் பேசினால் வங்கி கேட்குமா?” என்று கேட்கலாம். பெரிய முதலாளிக்குக் காபி, நமக்குப் பெஞ்சு என்பது எல்லோரும் அறிந்ததுதான். அதனால்தான் மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் இருக்கும் இடம் வேண்டும். 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி நடக்கும் லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம், அந்த இடம். வழக்குத் தொடரும் முன்பே கடன் தகராறை அங்கே கொண்டுபோகலாம், கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதப்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. அதனால் வங்கியும் பின்னால் பேச்சு மாற முடியாது, நாமும் மாற முடியாது. எவ்வளவு கட்ட முடியும் என்று சரியாகத் தெரியாமல் அங்கே தலையாட்டிவிட்டு வருவது ஆபத்து என்பதும் இதிலிருந்தே தெரியும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இவ்வளவும் இலவசமாகக் கிடைக்கும்போது, “உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம், தவணை கட்டுவதை நிறுத்துங்கள், எங்களுக்கு மாதக் கட்டணம் கட்டுங்கள்” என்று விளம்பரம் செய்பவர்களிடம் போவதற்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. எழுதும் கடிதத்தை நாமே எழுதலாம்.

வாங்கிய கடனைக் குறைத்துக் கொடுப்பது நாணயமா என்ற கேள்வி இன்னும் பாக்கி. எளிதில் ஒதுக்கக் கூடிய கேள்வி இல்லை இது. சொன்ன சொல் தவறாதவர் என்ற பெயருக்காகவே வாழ்ந்த மனிதர்கள் கேட்கும் கேள்வி. இதற்குப் பதில் நம் சட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. வட்டி ஒருபோதும் அசலைத் தாண்டக் கூடாது என்பது பழைய இந்து தர்மச் சட்டத்தின் விதி, தாம்துபத் என்பார்கள். 1938-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த பழைய கடன்களின் வட்டியைத் துடைத்துப் போட்டது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கொடுத்திருந்தால் கடனே தீர்ந்தது என்றும் சொன்னது. சிக்கனத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் பெயர் போன ஒருவர் தலைமையில் நிறைவேறிய சட்டம் அது. அசலைத் திருப்பித் தரும் கடமையும் முடிவில்லாத வட்டியைச் சுமக்கும் கடமையும் ஒன்றில்லை என்ற புரிதல் அதன் அடியில் இருக்கிறது. ஆண்டுக்கு 42 சதவீதம் வாங்குகிறவர் சிலர் கட்ட மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் அந்த விலையை வைக்கிறார். கட்டும் வசதி இருந்தும் ஒளித்துவைக்கிறவர் வேறு ரகம். அவருக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் கிடையாது. கைமாற்றாகக் கொடுத்த நண்பரும் உறவினரும் வேறு. வட்டி இல்லாமல் கொடுத்தவரிடம் வட்டிக்காரரிடம் பேசும் பேரத்தைப் பேசக் கூடாது. நேரில் போய், எப்போது தர முடியும் என்று உண்மையைச் சொல்ல வேண்டும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானிடம் இன்னும் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தச் சட்டப்படி அவருடைய பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு.

“இவ்வளவு ஏன், ஒரேயடியாக மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே” என்பவரும் உண்டு. இன்றைக்கும் சென்னை நகரத்தில் 1909-இன் சட்டமும் மற்ற மாவட்டங்களில் 1920-இன் மாகாண நொடிப்புச் சட்டமும்தான் தனிநபர் திவாலை ஆள்கின்றன. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று எழுதியிருக்கும் சட்டம் எந்தக் காலத்துச் சட்டம் என்று சொல்லத் தேவையில்லை. 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபருக்கென்று ஒரு பகுதி எழுதப்பட்டது. நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு அது இன்னும் புத்தகத்தில்தான். பழைய சட்டத்தில் என்ன நடக்கும்? திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும், விலக்குப் பெற்றவை தவிர சொத்து முழுதும் நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் கைக்குப் போகிறது. வீட்டை அடமானம் வாங்கிய வங்கி இதற்கெல்லாம் காத்திருக்காது. அடமானத்தை விற்றுக்கொள்ளும் அதன் உரிமையை அந்தச் சட்டம் தொடவே இல்லை. ஜாமீன்தாரர் விடுபட மாட்டார். காசோலை வழக்கு குற்ற வழக்கு என்பதால் தன் வழியில் போகும். மனுவுக்கு முன்னால் வீட்டை மனைவி பெயருக்கு எழுதி வைத்துவிடலாம் என்று ஊருக்கு ஒரு யோசனைக்காரர் இருப்பார். திவாலுக்கு 2 ஆண்டுக்குள் விலை பெறாமல் எழுதிக் கொடுத்ததை நீதிமன்றம் ரத்து செய்யலாம். 3 மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததும் அப்படியே. ஆக மஞ்சள் கடுதாசி எந்தக் கடன்களை அடக்குகிறது என்று பாருங்கள்: அடமானம் இல்லாத, சத்தம் போடுகிற கடன்களை. வீட்டைப் பறிக்கக் கூடிய கடன் அப்படியே நிற்கிறது.

அதனால் அது யாருக்குமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அடமானம் வைக்கவோ விற்கவோ எதுவும் இல்லாமல், வியாபாரம் நொடித்து, புரோநோட்டுக் கடன்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் தனித்தனியாகத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும் ஒருவருக்கு, எல்லோரையும் ஒரே நீதிமன்றத்தின் முன் வரிசையில் நிறுத்தவும் கைதுக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை கேட்கவும் அந்த நூறாண்டுப் பழைய சட்டம்தான் இருக்கிறது. அப்போதும் அதற்குள்ளேயே ஒரு சமரசக் கதவு உண்டு. திவாலென்று அறிவிக்கப்பட்டபின்னும் கடன்காரர்களிடம் ஒரு தீர்வுத் திட்டத்தை முன்வைக்கலாம். எண்ணிக்கையில் பெரும்பான்மையும் கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்கும் ஏற்று, நீதிமன்றமும் ஒப்பினால், திவால் அறிவிப்பு ரத்தாகிறது. அந்தப் பேச்சைத் தொடங்கத் தேவைப்படுவது எந்தக் கடன்காரருக்கு எவ்வளவு, யாரிடம் என்ன அடமானம், யாரிடம் நம் காசோலை, எந்த நோட்டீஸ் எந்தத் தேதியில் வந்தது என்ற ஒரு தாள். அதையே ஆறு மாதம் முன்னால் எழுதியிருந்தால் கிளை மேலாளர் மேசையிலோ மக்கள் நீதிமன்றத்திலோ வைத்திருக்கலாம்.